நூடுல்ஸ் அக்காவின் கை

"வலிக்கிறது கண்ணு இல்ல, கட்டைவிரல்தான். கண்ணு வலிச்சாக்கூடப் பரவாயில்ல, மூடிக்கலாம்" என்றாள் ஜொம்னே.

யாரும் கேட்கவில்லை. கடையில் இருந்தது முதலாளி தல்சு ஒருவர்தான். அவரும் தன் போனில் முகம் புதைத்துக் கிடந்தார். மகள் அனுப்பிய வீடியோ. பிறந்து நாற்பத்திரண்டு நாளான பேத்தி தூங்குகிறாள். மொத்தம் மூன்று நிமிடம். விடிந்ததிலிருந்து இது ஆறாவது தடவை.

"என்ன பண்றா?" என்று கேட்டாள் ஜொம்னே.

"தூங்குறா."

"நேத்தும் அதைத்தானே பண்ணினா?"

"இது வேற தூக்கம் அக்கா. இங்க பாருங்க, வாயைக் குவிப்பா. இப்போ... இப்போ... தோ! பாத்தீங்களா?"

ஜொம்னே ஈரக்கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "உன் மூக்கு அப்படியே வந்திருக்கு. பாவம், பொம்பளப் புள்ள."

"போங்கக்கா! எங்க வீட்டு மூக்குக்கு என்ன குறைச்சல்?"

குன்சான் சந்தையின் மீன் வரிசை முடிகிற இடத்தில் தல்சுவின் தொடுகறிக் கடை இருக்கிறது. ஊறல் நண்டு, வறுத்த நெத்திலி, காரம் தடவிய முள்ளங்கி, சோயாவில் ஊறின எள்ளிலை. ஜொம்னே அங்கே நான்கு வருடமாக வேலை செய்கிறாள். அன்று காலை எள்ளிலை முறை. ஓர் இலை, அதன்மேல் ஒரு கரண்டி சோயாச் சாறு, அதன்மேல் இன்னோர் இலை. இப்படி எழுநூறு இலை. அவளுடைய போன் சோயா டின்னில் சாய்ந்து நின்றது. அதில் ஓடிய விளையாட்டுக்குள் ஒரு சதுப்பு நிலம். சதுப்பின் ஓரத்தில் வாளை ஊன்றிக்கொண்டு ஒரு வீரன் சும்மா நின்றிருந்தான். அவனைச் சுற்றி நாற்பது வீரர்கள் மூச்சு விடாமல் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நிக்கிறான் பாருங்க உங்க ஆளு, பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி" என்றார் தல்சு. "ஆட்டோ பட்டனை அமுக்கி விடுங்களேன். சும்மா நிக்கிற நேரத்துல நாலு அரக்கனையாவது அடிப்பான்."

"கை ஈரமா இருக்கு."

"கை ஈரமா இருக்கிறவங்களுக்குத்தானே ஆட்டோ!"

ஜொம்னே அடுத்த இலைமேல் சாறு ஊற்றினாள். அன்று நண்பகல் வரைதான் அவளுக்குக் கெடு. அவள் சேர்ந்து விளையாடும் கூட்டத்தின் தலைவர் திங்கட்கிழமை எல்லாருக்கும் மெசேஜ் போட்டிருந்தார். நாளுக்கு இருபது மணி நேரமாவது ஒருவருடைய வீரன் சண்டையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை மதியம் பெயர் நீக்கப்படும். ஜொம்னேயின் வீரன் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான் சண்டை போட்டான். அவள் கையால் அடித்தாள். மற்ற எல்லாருக்கும் விளையாட்டே தானாக அடித்தது.

அந்த மெசேஜை அவள் விரல் வைத்து, எழுத்து எழுத்தாகத் தானே படித்தாள். அறுபத்து நாலு வயதில், யாரையும் கேட்காமல் தானே படித்து முடித்த நீளமான மெசேஜ் அதுதான் முதல்.

ஜொம்னே என்றால் புள்ளிக்காரி. தாடையில் மச்சத்தோடு பிறந்தாள். அவளுக்கு முன் மூன்று பெண்கள் இருந்ததால், இந்த நாலாவதற்கு வேறு பெயர் யோசிக்க வீட்டில் ஒருவருக்கும் பொறுமை இல்லை. அவளுக்குப் பின் தம்பி பிறந்தான். தம்பியை முதுகில் கட்டிக்கொண்டு வரப்பில் நடப்பதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அக்காள்கள் ஆளுக்கு இரண்டு வருடமாவது பள்ளிக்குப் போனார்கள். ஜொம்னே வாசல்படியைக்கூடத் தாண்டவில்லை.

எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி இந்த நாட்டில் அதை மறைத்து வாழ்வது ஒரு முழு நேர வேலை. பஸ்ஸை நிறத்தால் அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும். ஆபீசில் காகிதத்தை நீட்டினால், "அடடா, கண்ணாடியை வீட்டிலேயே வெச்சிட்டேனே" என்று பையைத் துழாவ வேண்டும். சாப்பாட்டுக் கடையில், "அவங்க சொன்னதே எனக்கும்" என்க வேண்டும். வங்கிக்குப் போகிற நாளில் மட்டும் கண்ணாடிக் கதை எடுபடாது. அங்கே கையெழுத்து வேண்டும், முகவரி வேண்டும், தொகையை எழுத்தில் எழுத வேண்டும். அதனால் காலையிலேயே வலது கையில் வெள்ளைத் துணியைச் சுற்றிக் கட்டுப் போட்டுக்கொள்வாள். "அடுப்புல சுட்டுக்கிட்டேன், நீங்களே எழுதிடுங்க கண்ணு" என்றால் வங்கிப் பெண் எழுதித் தந்துவிடுவாள். சந்தையில் இப்படிக் கட்டுப் போட்ட பெண்கள் இன்னும் ஐந்தாறு பேர் உண்டு. ஒருத்தியை ஒருத்தி வங்கியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

அவளுடைய புருஷன் மீன்படகில் வேலை பார்த்தான். அவனுடைய சொந்தக்காரன் ஒருவன் கம்ப்யூட்டர் விளையாட்டுக் கடை திறந்தபோது, நூடுல்ஸ் வேகவைக்கவும் சாம்பல் கிண்ணங்களைக் கழுவவும் ஜொம்னே வேலைக்குச் சேர்ந்தாள். இருபது வருடத்துக்கு முந்தைய கதை இது. ஊரே அப்போது ஒரு வாள்சண்டை விளையாட்டில்தான் குடியிருந்தது. காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை மட்டும் கடை காலியாக இருக்கும்.

"சும்மா உக்காந்து பாருங்க அண்ணி" என்றான் கடைக்காரன். அவனே ஒரு வீரனை உருவாக்கி, பெயரையும் தட்டினான்: நூடுல்ஸ் அக்கா.

உட்கார்ந்தாள். எழுந்திருக்கவே இல்லை என்று சொல்லலாம்.

எழுத்தில்லாத இடம் ஒன்று தனக்காக இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. சிவப்புக் கோடு குறைந்தால் சிவப்புக் குப்பி. நீலம் குறைந்தால் நீலம். பன்றிமூஞ்சி அரக்கன் வந்தால் அவன்மேல் தட்டு, விழும்வரை தட்டு, கீழே கிடப்பதைப் பொறுக்கு. வரைபடம் படிக்கத் தெரியாததால் அவள் ஒரே வழியில்தான் போவாள். உடைந்த தூண், அங்கிருந்து மூன்று பாறை, அங்கிருந்து வெள்ளைப் பூப் பூத்த கோணல் மரம், மறுபடி தூண். தினமும் இரண்டு மணி நேரம், அதே வட்டம். ஓர் அடி பிசகாது. பிசகினால் வீடு திரும்பத் தெரியாது.

அந்தக் கடையில் மாலையில் வந்து விளையாடியவர்கள் ஒரு கூட்டம் வைத்திருந்தார்கள். கருங்கடல் இரத்தக் கூட்டம் என்று பெயர். டயர் கடை வைத்திருந்த தேஷிக் அதற்கு மன்னர். லாரி ஓட்டும் ஒருவருக்கு விளையாட்டில் பெயர் உலர்ந்த கணவாய். நூடுல்ஸ் வைக்கிற அக்காளும் விளையாடுகிறாள் என்று தெரிந்ததும் அவளையும் சேர்த்துக்கொண்டார்கள். கோட்டைச் சண்டை நாளில் அடுப்பை அணைத்துவிட்டு அவளும் ஒரு நாற்காலியில் உட்காருவாள். திரையில் எழுதுவதை அவள் படிக்கத் தேவையே இல்லை. எல்லாரும் கத்துவார்கள்.

"அக்கா, பின்னாடி! பின்னாடி!"

"பாத்துட்டேண்டா, நீ முன்னாடி பாரு!"

அவள் புருஷன் கல்லீரல் வீங்கிச் செத்தபோது, சாவு மண்டபத்துக்குக் கறுப்புச் சட்டையில் பதினோரு பேர் வரிசையாக வந்தார்கள். மூன்றடுக்கு மலர்வளையம் அவர்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. அதன் ரிப்பனைப் படித்த மகள் உன்சிலுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அம்மா, இரத்தக் கூட்டம்னு போட்டிருக்கு. அப்பா ரவுடிங்ககிட்ட எதாவது மாட்டிக்கிட்டாரா?"

அதற்குள் முதல் ஆள் வந்து உன்சில் முன்னால் மண்டியிட்டுக் கும்பிட்டார். "ரொம்ப வருத்தமா இருக்கும்மா. நான் உலர்ந்த கணவாய்."

உன்சில் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். பெட்டியைத் தூக்க ஆறு பேர் வேண்டும். சொந்தத்தில் தேறியது மூன்று பேர். மீதி மூன்று பேரைக் கூட்டம் கொடுத்தது. மூன்று நாளும் அங்கேயே இருந்து, வந்தவர்களுக்குக் கறிச்சாறு பரிமாறி, வாசலில் செருப்புகளை ஒழுங்குபடுத்தினார்கள்.

அதற்கு அடுத்த வசந்தம். புருஷனின் காப்பீட்டுப் பணத்துக்கு மதியம் வங்கிக்குப் போக வேண்டியிருந்தது. நாலு நாளாக அதே அலைச்சல்தான். ஜொம்னே காலையிலேயே கட்டுப் போட்டுக்கொண்டு கடைக்கு வந்து, கட்டோடு விளையாட உட்கார்ந்தாள். கட்டுப் போட்ட கையால் வேகமாகத் தட்ட முடியாது. ஆனால் ஒரே சீராகத் தட்டலாம். தூண், பாறை, மரம்.

திரையில் தங்க நிறத்தில் எழுத்து ஓடியது. தங்க எழுத்து புத்தாண்டுக்கும் அறுவடைத் திருநாளுக்கும் வரும். வந்தால் பரிசு கிடைக்கும். இன்றைக்கு என்ன விசேஷமோ என்று சந்தோஷப்பட்டாள். மறுபடி ஓடியது. மூன்றாவது தடவையும் ஓடியது. அவள் பாறையைச் சுற்றிவந்து மரத்தை நெருங்கும்போது திரை சாம்பல் நிறமாகிவிட்டது.

பதினொரு மணிக்குக் கடைக்காரன் வந்து படித்துச் சொன்னான். வந்தது விளையாட்டுக் கம்பெனியின் கண்காணிப்பு ஆள். ஆள் விளையாடுகிறாரா, தானாக அடிக்கிற திருட்டு மெஷினா என்று சோதிக்க ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். பக்கத்து மரத்தில் இருக்கும் பூவின் நிறத்தை மூன்று நிமிடத்துக்குள் எழுத வேண்டும். பதில் வரவில்லை. தானியங்கி மெஷின் வைத்த குற்றத்துக்காக நூடுல்ஸ் அக்கா நிரந்தரமாக நீக்கப்பட்டாள்.

அந்தக் காலத்தில் அது பெரிய கேவலம். மெஷின் வைத்தவன் இருக்கும் கூட்டத்தோடு வேறு கூட்டம் கை கொடுக்காது. சாயங்காலம் எல்லாரும் வந்து நின்றார்கள். தேஷிக்குக்கு அப்போது முப்பத்தெட்டு வயது, கோபத்தில் காது சிவந்திருந்தது.

"நாங்க யாருமே நம்பலக்கா. ஆனா நாலு நாளா உங்க கையில கட்டு இருக்கு. இந்தக் கையோட தினமும் ரெண்டு மணி நேரம் எப்படி அடிச்சீங்க? சொல்லுங்க, நான் கம்பெனியோட சண்டை போடுறேன்."

கட்டை அவிழ்த்துக் காட்டினால் போதும். உள்ளே கை பளிச்சென்று இருந்தது. ஆனால் அடுத்த கேள்வி வரும். காயமில்லாத கைக்கு எதற்குக் கட்டு? கேள்வியைப் பார்த்தும் ஏன் பதில் எழுதவில்லை? அந்தப் பூ வெள்ளை என்று அவளைத் தவிர யாருக்கு அவ்வளவு நன்றாகத் தெரியும்?

பதினோரு ஆண்கள். எல்லாரும் அவளைவிடச் சின்னவர்கள். அவள் கட்டுப் போட்ட கையை முன்துணிக்குள் விட்டுக்கொண்டு பேசாமல் நின்றாள். பேசாமல் நின்றதை அவர்கள் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள். எழுத்தறியாதவள் என்பதைவிடத் திருடி என்பது அவளுக்கு அன்றைக்கு இலேசாக இருந்தது. அந்த மாதத்தோடு நூடுல்ஸ் வேலையை விட்டாள். சந்தையில் தேஷிக்கைப் பார்த்தால் அடுத்த சந்தில் திரும்பிவிடுவாள். உலர்ந்த கணவாய் இரண்டு தடவை வீட்டு வாசல்வரை வந்தார். அவள் விளக்கை அணைத்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

அப்படி ஓடின வருடங்கள் பதினெட்டு. கப்பல் பட்டறை கான்டீனில் சோறு வடித்தாள். பட்டறை மூடியதும் வீடு வீடாகப் பூண்டு உரித்துக் கொடுத்தாள். உன்சில் கல்யாணமாகி வடக்கே போய்விட்டாள். அறுபது வயதில், வட்டார நலக்கூடத்தில் நடக்கும் எழுத்து வகுப்புக்குச் செவ்வாயும் வியாழனும் போகத் தொடங்கினாள். முதல் வருடம் பெயரும் முகவரியும். இரண்டாம் வருடம் ஆசிரியை, "யாருக்காவது ஒரு கடிதம் எழுதுங்க" என்றாள். மற்றவர்கள் செத்துப்போன புருஷனுக்கும் வெளியூர் மகனுக்கும் எழுதினார்கள். ஜொம்னே விளையாட்டுக் கம்பெனிக்கு எழுதினாள்.

"என் பெயர் பியோ ஜொம்னே. நான் மெஷின் வைக்கவில்லை. எனக்கு அப்போது படிக்கத் தெரியாது. அந்தப் பூ வெள்ளை."

ஆசிரியையே அதைக் கம்பெனியின் கேள்விப் பக்கத்தில் தட்டிப் போட்டுக் கொடுத்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பதில் வந்துவிட்டது. அன்புள்ள வீரரே, தங்கள் கருத்துக்கு நன்றி. பழைய பதிவுகள் இப்போது இல்லை. எங்களுடைய புதிய போன் விளையாட்டில் தானியங்கிச் சண்டை உண்டு. நீங்கள் தூங்கும்போதும் உங்கள் வீரன் தூங்க மாட்டான்.

"இதை யாரு எழுதினா?" என்று கேட்டாள் ஜொம்னே.

"யாரும் எழுதலம்மா" என்றாள் ஆசிரியை, சங்கடமாக. "அதுவா வரும்."

போன இலையுதிர் காலத்தில் தேஷிக் போன் செய்தார். அதே விளையாட்டு போனில் வந்திருக்கிறது, பழைய ஆட்களை எல்லாம் திரட்டுகிறோம், ஞாயிறு மதியம் நண்டுக் கடைக்கு வாங்க அக்கா என்றார். ஒரு வாரம் முழுக்க ஜொம்னே சோறு வைக்கும்போது அடுப்பைப் பார்த்துப் பேசிப் பழகினாள். "எனக்கு அப்போ படிக்கத் தெரியாது. எனக்கு அப்போ படிக்கத் தெரியாது."

பதினோரு பேரில் எட்டுப் பேர் வந்திருந்தார்கள். முடி போய், வயிறு வந்திருந்தது. எல்லாருடைய போனும் கிம்ச்சிக் கிண்ணத்தில் சாய்ந்து நின்றது. ஒவ்வொன்றிலும் ஒரு வீரன் தன்பாட்டுக்கு வெட்டிக்கொண்டிருந்தான்.

"அக்கா!" தேஷிக் எழுந்து இரண்டு கையாலும் அவளுக்குச் சோஜு ஊற்றினார். "டேய், எழுந்து நில்லுங்கடா. நம்ம அக்கா காலத்தை முந்தினவங்க. ஊர்ல ஒருத்தனுக்கும் ஆட்டோன்னா என்னன்னு தெரியாதப்பவே ஆட்டோ போட்டவங்க!"

எல்லாரும் கை தட்டிச் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. உண்மையிலேயே அவளைப் பாராட்டினார்கள்.

ஜொம்னே கோப்பையைக் கீழே வைத்தாள். "நான் மெஷின் வெக்கல. எனக்கு அப்போ எழுதப் படிக்கத் தெரியாது. கேள்வி வந்துச்சு, என்னன்னு தெரியல. கையில கட்டு, வங்கிக்காகப் போட்டது. கை நல்லாத்தான் இருந்துச்சு. எல்லாத்தையும் கையாலதான் அடிச்சேன்."

உலர்ந்த கணவாய் கையிலிருந்த நண்டுக் காலை அப்படியே தட்டில் வைத்தார்.

"அட, விடுங்கக்கா" என்றார் தேஷிக். "எந்தக் காலத்துப் பேச்சு? இப்போ யாரு கையால அடிக்கிறா? கையானா என்ன, மெஷினானா என்ன? குடிங்க, குடிங்க."

அந்த நேரம் பார்த்து யாருடைய போனோ 'டொங்' என்றது. ஒரு வீரன் செத்துவிட்டான். எட்டுத் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது.

பதினெட்டு வருடம் நெஞ்சில் வைத்திருந்ததை எடுத்து மேசையில் வைத்தாள். அதற்கு அங்கே அவ்வளவுதான் இடம்.

கொஞ்சம் கழித்து அவளே கேட்டாள், "இதுல நீங்க என்ன பண்றீங்க?"

"பாக்குறோம்" என்றான் ஒருவன்.

"எங்க பாக்குறே? நண்டைல்ல உறிஞ்சிட்டிருக்கே."

சிரிப்பு. உலர்ந்த கணவாய்தான் உண்மையைச் சொன்னார். "நான் லாரி ஓட்டும்போது அது பாட்டுக்கு அடிக்கும்கா. காலையில எழுந்து பையில என்ன விழுந்திருக்குன்னு பாப்பேன். நாலு நிமிஷம். அப்புறம் மறுபடி விட்டுடுவேன்."

"போரடிக்கலயா?"

"போரடிக்கிறதுக்கு நான் அங்க இருந்தாத்தானே!"

"அப்ப நிறுத்திடேன்."

"எப்படிக்கா நிறுத்துறது? நிறுத்தினா அடுத்தவன் முன்னாடி போயிடுவான்ல?"

"அவனும்தான் அங்க இல்லையே!"

அதற்கும் சிரித்தார்கள். ஆனால் ஒருவரும் போனை அணைக்கவில்லை.

ஜொம்னே சேர்ந்தாள். பெயரை இந்தத் தடவை தானே தட்டினாள். கையாலேயே அடித்தாள். சதுப்பின் ஓரத்தில் நின்று ஓர் அரக்கனைக் குறிவைத்து வாளைத் தூக்குவாள். வாள் இறங்குவதற்குள் பக்கத்தில் ஆளில்லாமல் நிற்கும் வீரன் அவனை வெட்டித் தள்ளியிருப்பான். இருபது தடவை தூக்கினால் ஐந்தாறு தடவைதான் எதாவது படும். கட்டைவிரல் வீங்கியது. மருந்துப் பட்டை ஒட்டிக்கொண்டு அடித்தாள்.

காலையில் கடைக்கு வந்ததும் கூட்டத்தின் பேச்சுப் பலகையில் எழுதுவாள். எழுதத் தெரிந்த பிறகு அவளுக்கு அதில் அவ்வளவு ஆசை. "எல்லாருக்கும் காலை வணக்கம். சாப்பிட்டீங்களா?" பழையவர்கள், புதியவர்கள் என்று கூட்டத்தின் நாற்பது வீரர்களும் அங்கேதான் நிற்பார்கள். யாரும் பதில் எழுத மாட்டார்கள். மறுநாளும் எழுதுவாள். பலகையை மேலே தள்ளிக்கொண்டே போனால் அவளுடைய காலை வணக்கம் மட்டும் வரிசையாக நிற்கும்.

ஒரே ஒருவர் ஒரு தடவை நேரில் வந்தார். போன வாரம் உலர்ந்த கணவாய் நெத்திலி வாங்கக் கடைக்கு வந்தபோது ஜொம்னே வகுப்புக்குப் போயிருந்தாள். அவர் தல்சுவிடம் ஏதோ கேட்டுவிட்டுப் போனார். தல்சு அன்றைக்குப் பேத்தி பிறந்த முப்பத்து நாலாம் நாள் குஷியில் இருந்ததால் அதை அவளிடம் சொல்ல மறந்துவிட்டார்.

இந்த வெள்ளிக்கிழமை, எள்ளிலை முந்நூறைத் தாண்டும்போது தேஷிக் போன் செய்தார். ஜொம்னே சுண்டுவிரலால் ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"அக்கா, இன்னிக்கு மதியம்தான் கடைசி. நான் உங்க பேரை எடுக்கிற மாதிரி வெச்சிடாதீங்க."

"கையால அடிக்கிறேன்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்கக்கா. ஆனா நாம இப்போ ஒரு பெரிய கூட்டத்தோட சேர்றோம். அவங்க லிஸ்ட் பாக்குறாங்க. லிஸ்ட்ல கையா காலான்னெல்லாம் வராது. மூணு மணி நேரம்னா சோம்பேறின்னுதான் வருது."

"அன்னிக்கு மெஷின்னு தொரத்தினே. இன்னிக்கு மெஷின் இல்லேன்னு தொரத்துறே. உனக்கு என்னதாண்டா வேணும்?"

மறுமுனையில் தேஷிக் சிரித்தார். டயர் கழற்றுகிற சத்தம் கேட்டது. "ஒரே ஒரு பட்டன்கா. அமுக்கிட்டு, போனை அந்தப் பக்கம் வெச்சிட்டு உங்க வேலையப் பாருங்க. மாசக்கடைசியில எம் பையன் கல்யாணம் வேற. கூட்டத்துக்குன்னு ஒரு மேசை போடுறோம். நீங்க இல்லாம எப்படி?"

தேஷிக் போனை வைத்தார். ஜொம்னே இன்னும் நாலு இலை அடுக்கினாள். மகளைத் தவிர அவளை ஒரு மேசைக்குக் கூப்பிடுகிறவர்கள் இந்த ஊரில் அந்த எட்டுப் பேர்தான். நாளை அவள் பெட்டியைத் தூக்கவும் ஆறு பேர் வேண்டும். உன்சிலின் புருஷன் ஒருவன். வேறு பெயர் அவளுக்கு வரவில்லை.

முன்துணியில் கையைத் துடைத்தாள். விரல் விரலாகத் துடைத்தாள். அமுக்கினாள்.

வீரன் சிலிர்த்துக்கொண்டு கிளம்பினான். வாளைச் சுழற்றினான், குனிந்தான், பொறுக்கினான், குப்பியைத் தானே குடித்தான். ஒரு வெட்டுகூட வீண்போகவில்லை. தல்சு எட்டிப் பார்த்துக் கை தட்டினார்.

"அடேங்கப்பா! இவ்வளவு நாள் இவனைப் போய் நிக்க வெச்சிருந்தீங்களே அக்கா! பாருங்க, பாருங்க, எப்படி அடிக்கிறான்!"

ஜொம்னே ஒரு கரண்டிச் சாறு ஊற்றுகிற நேரம் பார்த்தாள். பிறகு அடுத்த இலையை எடுத்தாள்.

தல்சு மறுபடி தன் போனைத் தூக்கியவர், சட்டென்று தலையில் தட்டிக்கொண்டார். "மறந்தே போயிட்டேன்கா. போன வாரம் கணவாய் அண்ணன் வந்திருந்தாரு. உங்ககிட்ட கேக்க வெக்கமா இருக்காம், அதனால என்கிட்ட கேட்டாரு. நூடுல்ஸ் கடைக் காலத்துல நீங்க நெசமாவே கையாலதான் அடிச்சீங்களா, அன்னிக்கு நாங்க தப்புப் பண்ணிட்டோமா, தூக்கமே வரலன்னாரு. இன்னிக்கு நெத்திலி எடுக்க வருவாரு. என்ன சொல்லட்டும்?"

இலையின் மடிந்த ஓரத்தை ஜொம்னே விரலால் நீவிவிட்டாள்.

"மெஷின்தான்னு சொல்லிடு" என்றாள். "அந்த சோயா டின்ன இந்தப் பக்கம் தள்ளு."